மேடை விளக்குகளுக்குப் பிளக் பொருத்துதல்: பாதுகாப்பான முறைக்கு முழுமையான வழிகாட்டி

வீட்டில் குளிர்பதனப் பெட்டிக்கு மாட்டிய பிளக், பெட்டி பழுதாகும் வரை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். நாடக மேடை விளக்கின் பிளக்குக்கு அந்த நிம்மதி இல்லை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அது செருகப்படுகிறது, பிடுங்கப்படுகிறது, கேபிளோடு சுருட்டி வண்டியில் எறியப்படுகிறது, மறுநாள் வேறோர் ஊரில் வேறொருவர் கையால் மீண்டும் செருகப்படுகிறது. ஒரு மேடையின் மின்சுற்றில் தினமும் இழுபடும் இணைப்பு இது ஒன்றுதான் என்பதால், முதலில் தளர்வதும் முதலில் சூடேறுவதும் பெரும்பாலும் இதுவாகவே இருக்கிறது. அதோடு, ஏணியின் உச்சியில் நிற்கும் ஒளியமைப்பாளர் ஒரு கையால் இரும்புக் குழாயையும் மறு கையால் விளக்கின் உடலையும் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கிறார். விளக்கின் உடலில் மின்கசிவு இருந்தால் மின்சாரம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு நெஞ்சின் வழியாகவே பாயும். ஆகவே பிளக் பொருத்துவதைக் கடைசி நிமிட வேலையாக ஒருபோதும் வைத்துக்கொள்ளக் கூடாது.

இந்த வழிகாட்டி இந்தியாவில் வழங்கப்படும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கும், ஐ.எஸ். 1293 தரநிலையில் வரும் 6 ஆம்பியர், 16 ஆம்பியர் மும்முனை பிளக்குகளுக்கும் உரியது. விளக்கிலிருந்து வரும் கேபிளின் நுனியிலும், எடுத்துச்செல்லக்கூடிய எக்ஸ்டென்ஷன் கேபிளின் இரு முனைகளிலும் செய்யும் வேலைகளை மட்டுமே இங்கு விளக்குகிறேன். மெயின் போர்டு, டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸ், டிம்மர் ரேக்குக்கான (விளக்குகளின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவித் தொகுதி) மின்வழங்கல் ஆகியவை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரும் தகுதிச் சான்று பெற்ற ஒயர்மேனும் செய்ய வேண்டிய வேலைகள்.

எந்த விளக்குக்கு எந்தப் பிளக்

முதலில் விளக்கின் வாட் அளவைப் பாருங்கள். மேடைகளில் பரவலாகப் பயன்படும் பழைய ஹாலஜன் வகைகளான பார் 64 விளக்குகளும் பிரெனல் விளக்குகளும் பெரும்பாலும் 1000 வாட் பல்பு கொண்டவை. 1000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 4.35 ஆம்பியர் வருகிறது. கணக்குப்படி 6 ஆம்பியர் பிளக் போதும் என்று தோன்றினாலும், மேடை விளக்குக்கு 16 ஆம்பியர் பிளக்கையே பரிந்துரைக்கிறேன். அதன் முனைகள் ஏறத்தாழ 7 மி.மீ. தடிமனுள்ளவை, 6 ஆம்பியர் பிளக்கின் முனைகளோ ஏறத்தாழ 5 மி.மீ. மட்டுமே. மணிக்கணக்கில் முழு வெளிச்சத்தில் எரியும் விளக்கில் தொடுபரப்பு கூடுதலாக இருந்தால் சூடு குறையும். பிரிட்டனில் வீடுகள் எல்லாம் 13 ஆம்பியர் சதுர முனைப் பிளக்குக்கு மாறிவிட்ட பிறகும், அங்குள்ள நாடக அரங்குகள் உருண்டை முனை கொண்ட 15 ஆம்பியர் பிளக்கைக் கைவிடவில்லை. நமது 16 ஆம்பியர் பிளக்கும் அதே வம்சத்தைச் சேர்ந்ததுதான். அந்தப் பிளக்குக்குள் ஃபியூஸ் கிடையாது; உயரத்தில் தொங்கும் பிளக்கில் ஃபியூஸ் போனால் நடுக்காட்சியில் ஏணி வைத்து ஏறவேண்டி வரும் என்பதால், பாதுகாப்பை டிம்மரிலேயே வைத்துவிடுகிறார்கள்.

பிளக்குக்குள் ஃபியூஸ் இல்லை என்பதற்கு நமது ஊரில் இன்னொரு விளைவும் உண்டு. 6 ஆம்பியர் பிளக்கையும் 16 ஆம்பியர் பிளக்கையும் ஏற்கும் இரட்டைப் பயன் சாக்கெட்டுகள் இங்கு சாதாரணம். அவற்றின் பின்னால் இருக்கும் எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்சு) 16 அல்லது 20 ஆம்பியர் அளவில் இருந்தால், அதில் மாட்டிய சிறு எல்.இ.டி. விளக்கின் மெல்லிய கேபிள் தாங்கக்கூடியதைவிட அதிக மின்னோட்டத்தையும் அந்த எம்.சி.பி. தடுக்காமல் விட்டுவிடும். எனவே எல்.இ.டி. விளக்குகளுக்குத் தனியாக 6 அல்லது 10 ஆம்பியர் எம்.சி.பி. உள்ள சுற்றைக் கேட்டு வாங்குங்கள்.

பிளக் டாப் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், திடமான பித்தளை முனைகளையும், கேபிளைப் பிடிக்கும் கிளாம்ப்பையும் பாருங்கள். கிளாம்ப் இல்லாத பிளக்கை மேடைக்கு வாங்கவே வேண்டாம். முனைகளைப் பிடித்து அசைத்துப் பார்த்து, ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேபிளைப் பொறுத்தவரை, ஒரே ஒரு 1000 வாட் விளக்குக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு மூன்று கோர் (தனித்தனி உறையிட்ட உள் ஒயர்) கேபிளும், பல விளக்குகளைத் தாங்கும் 16 ஆம்பியர் எக்ஸ்டென்ஷனுக்கு 2.5 சதுர மி.மீ. கேபிளும் வேண்டும். இரண்டு கோர் கேபிளில் மும்முனை பிளக் மாட்டுவது பிளக் இல்லாமல் இருப்பதைவிட மோசமானது. எர்த் இருப்பதாகப் பார்ப்பவரை அது நம்பவைத்துவிடுகிறது.

ஹாலஜன் விளக்கின் உள்ளிருந்து வெளியே வரும் ஒயர்களில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. அவை கண்ணாடி இழை உறையோ சிலிக்கான் உறையோ கொண்டவை. சாதாரண பி.வி.சி. ஒயர் 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். விளக்கின் உடலுக்குள் அதைவிடப் பன்மடங்கு வெப்பம் இருப்பதால், உள் ஒயர் கெட்டுப்போனால் அதே வகை வெப்பம் தாங்கும் ஒயரையே போட வேண்டும்.

நிறங்களை அடையாளம் காணுதல்

விளக்கை மின்சாரத்திலிருந்து முற்றிலும் பிரித்துக் கீழே இறக்கி, மேசைமேல் வைத்துக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள். டிம்மரில் அந்தச் சேனலைப் பூஜ்யத்துக்கு இறக்கினாலே போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். டிம்மருக்குள் இருப்பது ட்ரையாக் போன்ற மின்னணுச் சுவிட்சு. அணைந்த நிலையிலும் அதன் வழியே சிறிதளவு கசிவு இருக்கும், அது பழுதானால் முழு வோல்டேஜும் வெளியே நிற்கும். பிளக்கைப் பிடுங்கி, பிடுங்கிய பிளக் உங்கள் கண்ணெதிரே கிடந்தால்தான் மின்சாரம் இல்லை என்று பொருள்.

புதிய கேபிள்களில் பழுப்பு நிறம் பேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கோடிட்டது எர்த். பழைய இந்தியக் கேபிள்களில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இந்த இரண்டையும் கலந்து பயன்படுத்தும் குழுக்களில் குழப்பம் வருவது இயல்பு; ஆனால் உண்மையான ஆபத்து அமெரிக்கச் சந்தைக்காகத் தயாரான விளக்குகளில் இருக்கிறது. அவற்றில் கறுப்புதான் பேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த். பழைய இந்தியப் பழக்கத்தில் கறுப்பை நியூட்ரலில் மாட்டினால் பேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிடும். அதனால், வாங்கிவந்த பழைய விளக்கு எதுவானாலும் நிறத்தை மட்டும் நம்பாமல் எந்த ஒயர் எங்கே போய்ச் சேருகிறது என்று மல்டிமீட்டரால் தொடர்ச்சி பாருங்கள். விளக்கின் வெறும் உலோக உடலோடு இணைந்திருப்பது எர்த். விளக்கில் ஃபியூஸ் இருந்தால் அதற்குச் செல்வது பேஸ். ஃபியூஸின் அளவை மட்டுமன்றி, விளக்கு 230 வோல்ட்டுக்கு ஏற்றதா என்பதையும் அதன் தகட்டில் படித்துவிடுங்கள்.

பேஸும் நியூட்ரலும் இடம் மாறினாலும் விளக்கு எரியத்தான் செய்யும் என்பதால் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. விளக்கில் உள்ள ஃபியூஸும் சுவிட்சும் ஒரே கம்பியில்தான் வைக்கப்பட்டிருக்கும். அந்தக் கம்பி நியூட்ரலாகிவிட்டால், ஃபியூஸ் போய் விளக்கு அணைந்த பிறகும் பல்பு ஹோல்டர் முழு 230 வோல்ட்டில் நிற்கும். பல்பு போய்விட்டது என்று எண்ணிக் கையை உள்ளே விடுபவருக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை.

பிளக்கில் எந்த முனை எது என்பதை எப்போதும் அதில் பொறித்துள்ள ஆங்கில எழுத்துகளைக் கொண்டே முடிவு செய்யுங்கள்: எல் என்பது பேஸ், என் என்பது நியூட்ரல், ஈ என்பது எர்த். வலது, இடது என்று மனப்பாடம் செய்துவைப்பதால்தான் தவறு நேர்கிறது. சுவரிலுள்ள சாக்கெட்டை எதிரே நின்று பார்த்தால் மேலே எர்த், வலப்புறம் பேஸ், இடப்புறம் நியூட்ரல். அதே பிளக்கை முனைகள் உங்களை நோக்கியிருக்கும்படி திருப்பிப் பிடித்தால் பேஸ் இடப்புறம் வந்துவிடும்.

கேபிளைத் தயார் செய்தல்

முதலில் பிளக்கின் மூடியையோ ரப்பர் பூட்டையோ கேபிளில் கோத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடித்த பிறகு அதை மறந்திருப்பது தெரிந்தால் திருகுகளை மறுபடி அவிழ்க்க வேண்டியிருக்கும். பிறகு கேபிளைப் பிளக்கின் உள்ளே வைத்துப் பார்த்து, வெளி உறை கிளாம்ப்பைத் தாண்டி உள்ளே வரும்படி அளவெடுத்து, அதற்கு மேலுள்ள உறையை மட்டும் நீக்குங்கள். கத்தியால் வட்டமாக அறுக்கும்போது உள்ளே இருக்கும் ஒயரின் உறையில் கீறல் விழுந்துவிட்டால், அந்தப் பகுதி முழுவதையும் வெட்டியெறிந்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். கீறலை இன்சுலேஷன் டேப்பால் மறைப்பது மேடை வெப்பத்தில் நீடிக்காது. பசை இளகி டேப் தானே கழன்றுவிடும்.

மூன்று கோர்களையும் ஒரே நீளத்தில் வெட்டக் கூடாது. எர்த் கோர் மற்ற இரண்டையும்விட ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் நீளமாக, பிளக்கினுள் சற்றே வளைந்து தளர்வாக இருக்க வேண்டும். யாராவது கேபிளில் கால் தடுக்கி இழுத்து, கிளாம்ப்பும் விட்டுக்கொடுத்தால், முதலில் பேஸ் பிடுங்கிக்கொள்ளும், எர்த் கடைசி வரை நிற்கும். பிளக்கின் எர்த் முனை மற்ற முனைகளைவிட நீளமாக இருப்பதற்கும் காரணம் இதுவே: செருகும்போது எர்த் முதலில் சேரும், எடுக்கும்போது கடைசியாகப் பிரியும்.

ஒவ்வொரு கோரின் நுனியிலும் டெர்மினலின் ஆழத்துக்கு ஏற்ற அளவு மட்டும், பெரும்பாலும் 8 மி.மீ. அளவில், உறையை நீக்குங்கள். ஒரு இழைகூட அறுபடக் கூடாது. அறுபட்ட இழைகள் போக மிஞ்சியவைதான் மின்னோட்டம் முழுவதையும் சுமக்கும். இழைகளை முறுக்கி, சரியான அளவு பின் லக் (நுனியில் மாட்டும் சிறு உலோகக் குழல்) போட்டு, அதை நசுக்கிப் பிடிக்கவைக்கும் கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். லக் இல்லையென்றால் முறுக்கிய நுனியை இரண்டாக மடித்து உள்ளே செலுத்தலாம். ஆனால் நுனியில் ஈயம் பற்றவைக்கும் பழக்கத்தை முற்றிலும் விட்டுவிடுங்கள். பார்ப்பதற்குப் பளபளப்பாகவும் உறுதியாகவும் தெரிந்தாலும், ஈயம் மென்மையான உலோகம். திருகின் அழுத்தத்தில் அது மெல்ல மெல்ல நசுங்கி விலகும், திருகு தளரும், தளர்ந்த இடம் சூடாகும், சூட்டில் ஈயம் மேலும் இளகும். கருகிய மேடைப் பிளக்கைத் திறந்தால் பேஸ் திருகின் அடியில் சப்பையாகிப்போன ஈயத் துண்டைக் காணலாம்.

இணைத்தல், கிளாம்ப், மூடி

எர்த்தை முதலில் மாட்டுங்கள், பிறகு நியூட்ரல், கடைசியில் பேஸ். ஒயரின் உறை டெர்மினலின் விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும். வெளியே வெறும் செம்பு தெரியவும் கூடாது, திருகு உறையின் மேல் இறங்கியிருக்கவும் கூடாது. துளையில் நுழையாமல் திருகைச் சுற்றி வளைக்க வேண்டிய வகையென்றால், வலஞ்சுழியாக வளையுங்கள். திருகை இறுக்கும்போது கம்பியும் அதனுடன் உள்நோக்கி இழுபடும். இறுக்கிய பின் ஒவ்வொரு ஒயரையும் தனித்தனியாகப் பிடித்து இழுத்துப் பாருங்கள்.

அடுத்தது கிளாம்ப். ஒரு மேடைப் பிளக்கில் மிக முக்கியமான பகுதி என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதையே சொல்வேன். அது கேபிளின் வெளி உறையைப் பிடிக்க வேண்டும். உள்ளேயிருக்கும் மூன்று கோர்களைப் பிடித்திருந்தால் அது கிளாம்ப் அல்ல, அவற்றை அறுக்கும் கருவி. கேபிள் மெல்லியதாக இருந்து கிளாம்ப் இறுகவில்லை என்றால், டேப் சுற்றித் தடிப்பாக்காமல், அந்தக் கேபிளுக்கு ஏற்ற அளவுள்ள பிளக்கைத் தேடுங்கள். மூடியபின் பிளக்கை ஒரு கையிலும் கேபிளை மறு கையிலும் பிடித்து நன்றாக இழுத்து, முறுக்கிப் பாருங்கள். உறை அசைந்தால் மீண்டும் திறக்க வேண்டும். குழாயில் விளக்கை மாட்டும்போதும், கேபிளின் பாரம் பிளக்கில் தொங்காமல் குழாயோடு சேர்த்துக் கட்டுங்கள்.

எக்ஸ்டென்ஷனின் மறுமுனையில் மாட்டும் சாக்கெட்டுக்கும் இதே முறைதான். மின்சாரம் வரும் பக்கத்தில் எப்போதும் துளையுள்ள சாக்கெட்டும், வாங்கும் பக்கத்தில் முனையுள்ள பிளக்கும் இருக்க வேண்டும். அவசரத்துக்கு இரு முனையிலும் பிளக் வைத்த கேபிளை எக்காரணத்தாலும் செய்யாதீர்கள். ஒரு முனையைச் செருகியவுடன் மறுமுனையின் பித்தளை வெளிப்படையாக 230 வோல்ட்டில் நிற்கும். திருவிழா மேடைகளில் பிளக்கே இல்லாமல் ஒயரின் நுனியைச் சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கும் வழக்கத்தை இன்றும் காண்கிறோம். அங்கே எர்த் என்ற ஒன்றே இருப்பதில்லை. அப்படிப்பட்ட மேடையில் மழைத் தூறலில் வெறுங்காலோடு ஆடும் கலைஞரை நினைத்தால் மனம் பதறுகிறது.

சோதித்த பின்னரே மின்சாரம்

மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அது காட்டும் ஓம் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒன்றைப் பிளக்கின் எர்த் முனையிலும், மற்றதை விளக்கு உடலில் வண்ணம் இல்லாத ஒரு போல்ட்டிலும் வையுங்கள். சில மீட்டர் நீளக் கேபிளுக்கு வித்தியாசம் அரை ஓமைத் தாண்டக் கூடாது. அளந்துகொண்டிருக்கும்போதே, பிளக்கின் அருகிலும் விளக்கின் அருகிலும் கேபிளை வளைத்து அசையுங்கள். எண் துள்ளினால் உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன.

இந்தச் சோதனையை விளக்கு குழாயில் தொங்கும்போது செய்தால் பயனில்லை. எல்லா விளக்குகளும் ஒரே இரும்புக் குழாயில் உலோகத்தோடு உலோகமாகக் கொக்கியிட்டு நிற்கின்றன. ஒரு விளக்கின் எர்த் அறுந்திருந்தாலும், குழாய் வழியாகப் பக்கத்து விளக்கின் எர்த் அதற்கும் சேர்த்து வேலை செய்யும், மீட்டரும் சரியென்றே காட்டும். அதே விளக்கை மறுநாள் தனியாக ஒரு ஸ்டாண்டில் நிறுத்தும்போதுதான் அதற்கு எர்த் இல்லாதது வெளிப்படும். ஒவ்வொரு விளக்கையும் இறக்கி, மரமேசையில் தனியாக வைத்துச் சோதிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அடுத்து பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அளவிடுங்கள். 1000 வாட் ஹாலஜன் பல்பு எரியும்போது அதன் தடை ஏறத்தாழ 53 ஓம். குளிர்ந்த டங்ஸ்டன் இழையிலோ அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. எனவே மீட்டர் 4 ஓம் போலக் காட்டுவதையும், பஸ்ஸர் ஒலிப்பதையும் ஷார்ட் என்று எண்ணிப் பிளக்கைத் திறக்க வேண்டாம். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் மீட்டர் திறந்த சுற்றைக் காட்ட வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பல்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்த இணைப்பும் இருக்கக் கூடாது. மெகர் (உயர் வோல்டேஜ் கொடுத்து உறையின் தடையை அளக்கும் கருவி) கிடைத்தால் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக்கொண்டு, எர்த்துக்கு எதிராக 500 வோல்ட்டில் சோதியுங்கள். குறைந்தது 1 மெகா ஓம் வரவேண்டும். எல்.இ.டி. விளக்குகளுக்குள் திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் பாகங்கள் இருப்பதால், அவற்றுக்கு 250 வோல்ட் அளவே ஏற்றது.

இவையெல்லாம் சரியென்றால், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (எர்த்துக்கு மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் சுவிட்சு) உள்ள சாக்கெட்டில் முதன்முறையாக மின்சாரம் கொடுங்கள். ஒரு மணி நேரம் முழு வெளிச்சத்தில் எரியவிட்டு, பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு, கையை எடுக்கத் தோன்றும் சூடு இருந்தால் பிளக்கிலோ சாக்கெட்டிலோ தளர்வு இருக்கிறது.

எல்.இ.டி. விளக்குகளும் பவர்கானும்

எல்.இ.டி. விளக்கின் உடலைத் தொட்டால் லேசாகச் சுரீரென்றாலோ டெஸ்டர் மங்கலாக எரிந்தாலோ, “எல்.இ.டி. என்றால் அப்படித்தான்” என்று சொல்லிக் கடந்துபோகாதீர்கள். உள்ளேயுள்ள மின்னிரைச்சல் வடிகட்டியின் கெப்பாசிட்டர்கள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடலுக்கு இணைக்கப்பட்டிருப்பதால், எர்த் அறுந்திருக்கும்போது உடல் ஏறத்தாழ பாதி வோல்டேஜில் மிதக்கும். அந்த மின்னோட்டம் சிறிதே ஆனாலும், எர்த் இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை. மாறாக, எர்த் எல்லாம் சரியாக இருந்தும் ஒரே ஆர்.சி.சி.பி.யில் பல எல்.இ.டி. விளக்குகளை மாட்டினால், ஒவ்வொன்றின் சிறு கசிவும் சேர்ந்து அது மின்சாரத்தைத் துண்டித்துவிடக்கூடும். அப்போது விளக்குகளை இரண்டு ஆர்.சி.சி.பி.களில் பிரித்து மாட்டுங்கள். எர்த்தை வெட்டிவிடுவது தீர்வு ஆகாது.

பவர்கான் என்பது மேடைக் கருவிகளில் வரும், திருப்பிப் பூட்டும் மின் இணைப்பி. பவர்கான் இணைப்பிகளில் நீலம் மின்சாரம் உள்ளே வருவதற்கும், சாம்பல் நிறம் அடுத்த விளக்குக்குச் செல்வதற்கும் உரியவை. பழைய வகை பவர்கானை விளக்கு எரியும்போது கழற்றக் கூடாது. மின்னோட்டத்தைத் துண்டிக்கும் வகையில் அது வடிவமைக்கப்படவில்லை. ட்ரூ1 என்ற புதிய வகை பவர்கானுக்கு அந்தத் திறன் உண்டு. எல்.இ.டி. விளக்குகளின் பிளக்கில் சிவப்பு டேப்பும், ஹாலஜன் விளக்குகளின் பிளக்கில் வேறு நிறமும் சுற்றிவையுங்கள். இரண்டும் ஒரே 16 ஆம்பியர் பிளக்காக இருந்தால், இருட்டில் எல்.இ.டி.யை டிம்மர் சேனலில் செருகிவிடுவார்கள். டிம்மர் நறுக்கித் தரும் மின்னலையில் அதன் பவர் சப்ளை எரிந்துபோகலாம்.

ஜெனரேட்டரில் ஓடும் மேடை

கோயில் திருவிழாக்களிலும் கூத்து மேடைகளிலும் மின்சாரம் வாடகை ஜெனரேட்டரிலிருந்து வருவதே அதிகம். ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்பட்டு, எர்த் கம்பி மண்ணில் இறக்கப்பட்டிருந்தால்தான் நீங்கள் கவனமாகப் பொருத்திய எர்த் முனையும் ஆர்.சி.சி.பி.யும் பயன் தரும். சாக்கெட்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட்டுக்கு அருகிலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட் மட்டுமேயும் மல்டிமீட்டர் காட்டினால் சரி. பேஸ் முதல் எர்த் வரை நூறு சொச்சம் காட்டினாலோ, எண் நிலையில்லாமல் அலைந்தாலோ, ஜெனரேட்டர்காரரை அழைத்து எர்த்தைச் சரிசெய்யச் சொல்லும் வரை ஒரு விளக்கையும் செருகாதீர்கள். திறந்தவெளியில் கேபிள் இணைப்புகள் புல்லிலோ சேற்றிலோ கிடக்காமல் செங்கல் அல்லது பலகைமேல் உயர்த்தி வையுங்கள். டிரம்மில் சுற்றிய எக்ஸ்டென்ஷனை முழுவதும் பிரித்தபின்பே அதில் விளக்குகளை மாட்டுங்கள்.

திருவிழாக் காலமும் நாடக விழாக்களும் தொடங்குவதற்கு முன்னர் எல்லாப் பிளக்குகளையும் ஒருமுறை திறந்து, திருகுகளை இறுக்கி, பிளக்கின் உட்புறம் பழுப்பேறியிருக்கிறதா, முனைகளில் கருமை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கருகிய பிளக்கை உரசிச் சுத்தம் செய்து மீண்டும் பயன்படுத்தாமல் மாற்றிவிடுங்கள். அது செருகப்பட்டிருந்த சாக்கெட்டும் வெந்திருக்கும் என்பதால் அதையும் சேர்த்துப் பாருங்கள். சோதித்த கேபிளில் தேதியும் சோதித்தவர் பெயரும் எழுதிய சீட்டை ஒட்டுங்கள். தேறாத கேபிளை “அப்புறம் பார்க்கலாம்” என்று மூலையில் போட்டால், நிகழ்ச்சி நாளின் அவசரத்தில் யாராவது அதையே எடுத்துச் செருகிவிடுவார்கள். ஆகவே ஒதுக்கிய உடனேயே பிளக்கை வெட்டி எடுத்துத் தூக்கியெறிந்துவிடுங்கள்.